நாய், பூனைக்கு ஒரு திட்டிவாசல்: வைப்பதற்கு முன்பும் பின்பும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளர்ப்பு நாயும் பூனையும் தாமாகவே போய்வரக் கதவில் சிறு வழி வைக்கும் பழக்கம் நம் ஊர்களிலும் பரவி வருகிறது. கோயில், கோட்டைப் பெருங்கதவுகளில் திட்டிவாசல் இருக்குமே, அதன் சின்ன வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இணையக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளுக்காகச் செய்யப்பட்டவை. அங்கே கவலை குளிர்காற்று. இங்கே கவலை கட்டுவிரியன், எலி, கொசு, ஐப்பசி மழை. இதை யோசிக்காமல் பெட்டியில் வந்ததை அப்படியே பொருத்துகிறவர்கள் சில மாதங்களில் ஓட்டைக்குப் பலகை அடிக்கிறார்கள். நல்ல கதவு ஒன்று வீணாகிறது. விலங்கும் குழம்பிப் போகிறது. அதைத் தவிர்க்க உதவும் விவரங்களைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எந்த அளவு வாங்கலாம் என்று பார்ப்பதற்கு முன், அந்த வழி எங்கே போய்த் திறக்கிறது என்று பாருங்கள். தெருவில் திறந்தால் வேண்டவே வேண்டாம். கேட் போட்ட கொல்லை, சுற்றுச்சுவருக்குள் இருக்கும் பக்கச் சந்து, கம்பிவலை அடித்த மொட்டைமாடி, வலை கட்டிய பால்கனி, இவற்றில் ஒன்றுக்குத்தான் அது போக வேண்டும். தெருவுக்குப் போகும் நாய் வண்டியில் அடிபடும், மற்ற நாய்களிடம் கடிபடும், யாரையாவது கடித்தும் விடும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடாத விலங்கை இப்படிப் போகவிடுவது வீட்டாருக்கும் ஆபத்து, அக்கம்பக்கத்தாருக்கும் ஆபத்து. குட்டியாக இருந்தால் தடுப்பூசி வரிசை முழுவதும் முடிந்த பிறகே வெளிவழி. பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைப்படக்கூடியது. கருத்தடை செய்யாத பெண் பூனைக்குக் குட்டிக்கதவு வைத்தால் அது கிடாப்பூனைகளை வரவழைக்கும் கதவாகிவிடும். பால்கனியில் நைலான் புறாவலையை மட்டும் நம்பாதீர்கள். அதைப் பல்லால் அறுக்கும் பூனைகள் உண்டு. கைப்பிடிச் சுவர் உயரத்துக்காவது துருப்பிடிக்காத கம்பிவலை வேண்டும்.

இனி அளவு. பெட்டியில் அச்சடித்திருக்கும் கிலோக் கணக்கை நம்பி வாங்கக் கூடாது. ஒரே எடையுள்ள ஒரு பக் (Pug) இன நாயும் ஒரு நாட்டு நாய்க்குட்டியும் ஒரே வழியில் நுழைய முடியாது. விலங்கைச் சமதரையில் நிற்க வைத்து மூன்று அளவு எடுங்கள்: உடம்பின் மிக அகலமான இடம் (சிலதுக்கு நெஞ்சு, சிலதுக்கு இடுப்பு), தரையிலிருந்து தோள்மேடு, தரையிலிருந்து நெஞ்சின் அடிப்பக்கம். அகலத்தை டேப் வைத்து எடுப்பது கஷ்டம். அறைக்கதவை ஒருக்களித்து வைத்து அந்த இடுக்கு வழியே நடக்கவிட்டு, இடுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். தயங்காமல், உடம்பு உரசாமல் வருகிற கடைசி இடுக்கை அளந்தால் போதும்.

அகலத்தோடு 5 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். வழியின் மேல்விளிம்பு தோள்மேட்டுக்கு 3 முதல் 5 செ.மீ. மேலே இருக்கட்டும். கீழ்விளிம்பு நெஞ்சடியை விடத் தாழ்ந்திருக்க வேண்டும். நாய்க்கு 8 செ.மீ. வரை தாழ்த்தலாம், பூனைக்கு 2, 3 செ.மீ. போதும். ஓர் உதாரணம்: தோள் உயரம் 56 செ.மீ., நெஞ்சடி 28 செ.மீ., அகலம் 22 செ.மீ. உள்ள லாப்ரடாருக்குக் கீழ்விளிம்பு தரையிலிருந்து 20 செ.மீ., மேல்விளிம்பு 60 செ.மீ. ஆக, 27 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் உள்ள வழி. சாதாரண வீட்டுப் பூனைக்கு 15 செ.மீ. சதுரம் போதும். ஒன்றுக்கு மேற்பட்ட விலங்குகள் இருந்தால் உயரமானதை வைத்து மேல்விளிம்பு, குட்டையானதை வைத்துக் கீழ்விளிம்பு. குட்டி வளர்கிறது என்றால் வளர்ந்தபின் வரப்போகும் அளவுக்கே வெட்டிவிட்டு, இரு பக்கமும் தற்காலிகமாக ஒரு மரப்படி வையுங்கள். குட்டிக்காக ஒருமுறை, பெரிதானபின் ஒருமுறை என்று கதவை இரண்டு தடவை வெட்ட வேண்டியதில்லை.

நம் நாட்டு நாய் இனங்களான சிப்பிப்பாறையும் கன்னியும் அளவெடுப்பவரை ஏமாற்றும். வயிறு உள்ளே ஒட்டியிருப்பதைப் பார்த்துக் கீழ்விளிம்பை உயர்த்தி வைத்துவிடுவோம். ஆனால் நெஞ்சு ஆழமாக இறங்கியிருக்கும், தாண்டும்போது அது இடிக்கும். அளவை நெஞ்சடியிலிருந்தே எடுங்கள். இவற்றுக்கு அகலம் குறைவாகவும் உயரம் அதிகமாகவும் உள்ள வழி தேவை. அப்படிப்பட்டது கடையில் சுலபமாகக் கிடைக்காது, தச்சரிடம் செய்துகொள்வதே நல்லது. குட்டைக் காலுள்ள டாஷ்ஹவுண்டு நாய்க்குக் கீழ்விளிம்பு தரையோடு கிட்டத்தட்ட ஒட்டியிருக்க வேண்டும். முதுகெலும்பு வட்டுக் கோளாறுக்கு ஆளாகும் இனம் அது, தினம் பத்து தடவை எகிறிக் குதிக்க வைக்கக் கூடாது. பக், ஷிட்சு போன்ற தட்டை முகத்து நாய்களுக்கு, வழியை மூடித் தொங்கும் தட்டியை மூக்கால் தள்ள முடியாது, கண்ணும் முகமும்தான் முதலில் படும். கெட்டியான பிளாஸ்டிக் தட்டி அவற்றின் விழியைக் கீறிவிடும். மெல்லிய வினைல் தட்டி மட்டுமே போடலாம்.

எந்தக் கதவில் வெட்டுவது என்பதும் முக்கியம். தலைவாசல் கதவைத் தொடாதீர்கள். சாஸ்திரத்தை விட்டுவிட்டாலும் பாதுகாப்புக் காரணமே போதும். லாப்ரடார் நுழையும் வழியில் ஒல்லியான சிறுவன் நுழைந்துவிடுவான். பூனை வழியில் ஒரு கை நுழையும். ஆகவே எந்தக் கதவாக இருந்தாலும், குட்டிவழியிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில், அதாவது சுமார் 75 செ.மீ.க்குள், தாழ்ப்பாளோ சாவி தொங்கும் ஆணியோ இருக்கக் கூடாது. கீழ்த்தாழ்ப்பாளை மேலே மாற்றிவிடுங்கள்.

சட்டமும் பலகையுமாக இழைத்த மரக்கதவில் பலகையை மட்டுமே வெட்ட வேண்டும். சட்டத்தில் ரம்பம் பட்டால் கதவு நாளடைவில் தொய்ந்து நிலையில் இடிக்கும். இரு பக்கமும் பிளைவுட் ஒட்டிய சமதளக் கதவில் (ஃப்ளஷ் கதவு) வெட்டிய விளிம்பு வழியே உள்மரம் தெரியும். உள்ளே கூடாக இருந்தால் சுற்றிலும் மரச்சட்டம் திணித்துப் பசை போட்டு, காய்ந்தபின் திருகாணி போடுங்கள். வெட்டுவாயில் பிரைமரும் எனாமலும் இரண்டு கை அடிக்காவிட்டால் முதல் மழையிலேயே ஊதிக்கொள்ளும். யூபிவிசி கதவில் கீழ்ப் பலகத்தைக் கழற்றி, ஓட்டை போட்ட வேறு பலகம் மாட்டுவது எளிது; பழைய பலகம் பத்திரமாக இருக்கும், வீடு மாறும்போது திரும்ப மாட்டலாம். டஃபன்டு கண்ணாடியை எக்காரணம் கொண்டும் வெட்ட முயலாதீர்கள், நொறுங்கிக் கொட்டிவிடும். ஓட்டையோடு வெட்டிவிட்டு அதன்பிறகு சூட்டில் கெட்டிப்படுத்திய புதுக் கண்ணாடியைத்தான் வாங்க வேண்டும். இரும்புக் கிரில் கதவில் சதுரச் சட்டம் ஒன்றை வெல்டு வைத்து அதில் தட்டியைத் தொங்கவிடலாம். வாடகை வீட்டுக்காரர்களுக்குக் கொசுவலைக் கதவே நல்ல வழி: அதன் கீழ்ப்பகுதியில் மட்டும் வலையை எடுத்துவிட்டுப் பிளைவுட் அல்லது ஏசிபி (அலுமினியக் கலப்புத் தகடு) ஷீட் பொருத்தி அதில் குட்டிக்கதவு வைத்தால் வீட்டுக்காரரின் கதவில் கீறல்கூட விழாது.

சுவரில் வைப்பது இன்னும் உறுதியானது, வேலைதான் அதிகம். 9 அங்குலச் சுவரில் இது சின்னச் சுரங்கம் போல ஆகிவிடும். தூண், பெல்ட் பீம், மறைத்துவைத்த ஒயர், தண்ணீர்க் குழாய் எதுவும் அந்த இடத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டே உளி வையுங்கள். பூனை அளவு ஓட்டைக்கு மேலே உள்ள செங்கல் தானே நிற்கும். நாய் அளவு என்றால் மேலே கடப்பைக் கல்லோ இரும்பு ஆங்கிளோ தாங்கலாகக் கொடுக்க வேண்டும். அந்தச் சுரங்கத்தின் அடித்தரை வெளிப்பக்கமாக 1 செ.மீ. சரியட்டும், தண்ணீர் உள்ளே ஓடாது. மேலே அரை அடிக்குச் சிறு சன்ஷேட்.

தட்டி எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் நம் ஊர்த் தேவை வேறுபடுகிறது. சுண்டெலிக்கு 6 மி.மீ. இடுக்கு போதும், எலிக்கு 12 மி.மீ. போதும். பாம்புக்குஞ்சும் அப்படித்தான். எனவே தட்டியைச் சுற்றி உரசாமல் ஆட 2, 3 மி.மீ. இடைவெளி, அதை மூடப் பிரஷ் பட்டை, அடியில் காந்தப் பட்டை என மூன்றும் உள்ளதைப் பாருங்கள். பிரஷ் பட்டை பகல் கொசுவையும் தடுக்கும். மேற்குப் பார்த்த வாசலில் மெல்லிய வினைல் வெயிலில் சுருண்டு ஓரம் தூக்கிக்கொள்ளும். அங்கே கெட்டிப் பாலிகார்பனேட் நல்லது. தச்சரிடம் செய்தால், குளிர்பதனக் கிடங்கு வாசலில் தொங்கவிடும் தெளிவான பிவிசி பட்டையை வாங்குங்கள், 200 மி.மீ. அகலம் 2 மி.மீ. கனத்திலும், 300 மி.மீ. அகலம் 3 மி.மீ. கனத்திலும் சுருளாக வரும். முன்னது பூனைக்கு, பின்னது நாய்க்கு. அடிவிளிம்பில் ஒட்டுவதற்குப் பழைய ஃப்ரிட்ஜ் கதவு ரப்பருக்குள் இருக்கும் காந்தப் பட்டையே போதும். கீலுக்குச் சாதா இரும்பு வேண்டாம், 6 மி.மீ. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கம்பி ஒன்றில் தொங்கவிட்டால் துருவும் இல்லை, கிரீச்சும் இல்லை.

அதைவிட முக்கியம் பூட்டு. இரு பக்கமும் திற, உள்ளே மட்டும், வெளியே மட்டும், முழுப்பூட்டு என்று நான்கு நிலை உள்ளதாக இருக்கட்டும். அதன்மேல் கெட்டியான அடைப்புப் பலகை ஒன்றும் வேண்டும். பொழுது சாய்ந்ததும் விலங்கு உள்ளே வந்துவிட்டதா என்று பார்த்து, பலகையைச் செருகிப் பூட்டிவிடுங்கள். இதைச் செய்ய முடியாத வீட்டில் குட்டிக்கதவே வேண்டாம் என்பேன். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது, வீட்டுக்குள்ளும் வருவது. கீரி, மரநாய், பெருச்சாளி எல்லாம் தட்டியைத் தள்ளிப் பார்க்கும். பூனை தன் இரையை உயிரோடு கவ்விக்கொண்டு உள்ளே வருவதும் பெரும்பாலும் இருட்டில்தான், அந்த இரை சில நேரம் பாம்பாகவும் இருக்கும். இங்கிலாந்தில் எக்சிட்டர் பேராலயத்தில், வானியல் கடிகாரத்துக்குக் கீழே உள்ள கதவில் எலி பிடிக்கும் பூனைக்காக 1598-இல் 8 பென்ஸ் கூலி கொடுத்து வெட்டிய வட்டத் துளை இன்றும் இருக்கிறது. தட்டியில்லாத வெறும் துளை. அந்த ஊருக்கு அது சரி. நம் கொல்லைக்கதவில் அப்படி ஒரு துளையை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

சென்னையில் வளர்ப்பு நாய்க்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பும் கட்டாயம் என்று மாநகராட்சி அறிவித்த பிறகு, சிப்பைப் படித்துத் திறக்கும் தானியங்கிக் கதவு பற்றிக் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். தெருப்பூனை நுழைந்து சோற்றைத் தின்றுவிட்டு மூலையில் சிறுநீர் தெளித்துப் போகும் வீடுகளுக்கு அது நல்ல தீர்வு. வாங்கும் முன் சிப் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் 15 இலக்க எண் உடையதா, கதவு அதைப் படிக்குமா என்று சரிபாருங்கள். பல மாடல்கள் உள்ளே வரும்போது மட்டுமே சிப்பைப் பார்க்கும், வெளியே யாரையும் விட்டுவிடும். இரண்டு பக்கமும் படிப்பது தனி வகை. இரும்புக் கதவில் நேரடியாகப் பொருத்தினால் உலோகம் அலையைக் கெடுத்து, சிப் படாமல் போகும். பெரிய ஓட்டையாக வெட்டி நடுவில் மரமோ அக்ரிலிக்கோ வைத்து அதில் பொருத்த வேண்டும். பேட்டரிப் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டும், மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். இது பாம்புக் காவல் என்று எண்ணிவிடாதீர்கள். கொண்டி தடுப்பது தள்ளி வருவதை மட்டுமே. விலங்கின் பின்னாலேயே ஒட்டி வருவதை அது தடுக்காது. இரவில் செருகும் அடைப்புப் பலகை இதற்கும் வேண்டும்.

பொருத்தும் முறை சுருக்கமாக. அட்டையில் அளவு வெட்டிக் கதவில் ஒட்டி, விலங்கை எதிரே நிறுத்தி ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். ரசமட்டம் வைத்துக் கோடு போட்டு, கோட்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினால் மைக்கா சிதறாது. நான்கு மூலையிலும் 12 மி.மீ. டிரில் போட்டு ஜிக்சாவால் அறுங்கள். சட்டத்தை மாட்டும்போது திருகாணிகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒரே மூச்சில் இறுக்கினால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்து தட்டி உரசும். "கதவு சரியில்லை" என்று திருப்பி அனுப்பப்படுவதில் பல இப்படி இறுக்கியவைதான். வெளிப்பக்கம் மேலும் பக்கங்களிலும் சிலிக்கான் பூசி, அடியில் மட்டும் பூசாமல் விட்டால் உள்ளே போன நீர் வடிந்துவிடும்.

பொருத்தியாகிவிட்டது; இனிமேல்தான் பொறுமை தேவை. விலங்கைத் தூக்கி உள்ளே திணிப்பது எல்லோரும் செய்யும் தவறு. ஒருமுறை திணித்தால் அது அந்தக் கதவையும் நம் கையையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும்.

முதல் மூன்று நான்கு நாள் தட்டியே இருக்கக் கூடாது. கழற்றிவிடுங்கள், அல்லது மேலே தூக்கிக் கயிறு போட்டுக் கட்டுங்கள். பெரிய கதவைச் சாத்திவிட்டு, விலங்கு ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம் குந்தியபடி, ஓட்டை வழியே வேகவைத்த மத்தி மீன் துணுக்கோ உப்பில்லாத கோழித் துண்டோ காட்டிக் கூப்பிட வேண்டும். பூனைக்கு நெத்திலிக் கருவாடு என்றால் மோப்பத்திலேயே வரும். உப்பு போகக் கழுவி, நகக்கண் அளவு மட்டும். சாப்பாட்டு வேளைக்கு முன், பசியோடு இருக்கும்போது, 5 நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை. அலுப்புத் தட்டும் முன் நிறுத்திவிடுங்கள்.

தயங்காமல் வரத் தொடங்கியதும் தட்டியின் இடத்தில் மெல்லிய துணி ஒன்றை அரைவாசி மறைக்கும்படி ஒட்டுங்கள். முதுகில் ஏதோ உரசுகிறது என்பது பழகட்டும். இரண்டு நாள் கழித்துத் தட்டியை மாட்டி, கயிற்றால் முக்கால் உயரத்தில் நிறுத்துங்கள், பிறகு பாதி, பிறகு கால். ஒவ்வொரு கட்டத்திலும் தயங்காமல் பத்து தடவை போய்வந்த பிறகே அடுத்தது. கால் அளவில் இருக்கும்போது விலங்கு தலையாலோ முன்காலாலோ தானே தள்ளும். தள்ளிய அந்தக் கணமே தீனி. முழுவதும் இறக்கியபின் முதல் சில தடவை, வால் முழுவதும் வெளியே வரும்வரை தட்டியைக் கையால் தாங்கிப் பிடித்து மெல்ல விடுங்கள். வாலில் ஒரு அடி விழுந்தால் ஒரு வார உழைப்பு போய்விடும்.

உள்ளிருந்து வெளியே போகக் கற்றது வெளியிலிருந்து உள்ளே வரவும் கற்றுவிட்டது என்று நினைக்கக் கூடாது. வெளிச்சத்திலிருந்து இருட்டான அறையைப் பார்த்தால் தட்டிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு, இரண்டு திசையையும் தனித்தனியே பழக்குங்கள். துணிச்சலான நாய் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். பெரும்பாலானவை இரண்டு வாரம் எடுக்கும். கூச்சமுள்ள பூனைக்கு ஒரு மாதம் ஆனாலும் சரியே. சிப் கதவாக இருந்தால், முழுத் தட்டிக்கும் பழகும்வரை கொண்டியை டேப் போட்டு நிறுத்தி வைத்து, "டக்" என்ற அந்தச் சத்தத்தைக் கடைசியில் அறிமுகப்படுத்துங்கள்.

நடுவில் அடம் பிடித்தால் காரணம் பெரும்பாலும் கதவிலேயே இருக்கும். முகத்தால் முட்டிவிட்டுப் பின்வாங்குகிறதா? அடிக்காந்தம் வலுவாக இருக்கிறது. அதன்மேல் இரண்டு சுற்று டேப் ஒட்டினால் இழுப்பு குறையும். காந்தத்தில் இரும்புத்தூள் அப்பியிருந்தாலும் தட்டி சரியாக மூடாது. தாண்டிவிட்டு வழுக்குகிறதா? மொசைக், டைல்ஸ் தரையில் கோணிச் சாக்கோ கயிற்று மிதியடியோ போடுங்கள். தட்டியைத் தள்ளாமல் நகத்தால் தன் பக்கம் இழுக்கிற பூனை, திறந்த கதவின் ஓரத்தை இழுத்துத் திறந்து பழகியது. பாதிக் கட்டத்துக்கே திரும்பிப் போய் மறுபக்கத்திலிருந்து தீனி காட்டுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் போக மறுத்தால், வெளியே இன்னொரு பூனை காத்திருக்கிறதா என்று பாருங்கள். வெட்டவெளியில் திறக்கும் வழியைப் பூனை வெறுக்கும். இரண்டடி தள்ளி இரு பக்கமும் பூந்தொட்டி வைத்தால் பதுங்கி நோட்டம் பார்க்க இடம் கிடைக்கும்.

பழக்கம் முடிந்ததும் தீனித் தட்டை அந்த வாசலிலிருந்து அப்புறப்படுத்திவிடுங்கள். சிந்தும் சோறு கரப்பானையும் எலியையும் கூட்டும், எலி பாம்பைக் கூட்டும். விறகு, பழைய செங்கல், தேங்காய் மட்டை ஆகியவற்றையும் குட்டிக்கதவுக்குப் பக்கத்தில் குவிக்க வேண்டாம். கீல் இடுக்கில் பல்லி நசுங்கிக் கிடந்தால் தட்டி பாதியில் நின்றுவிடும், ஒவ்வொரு மாலையும் பூட்டும்போது ஒரு பார்வை போதும். மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீரால் தட்டியைத் துடைத்துவிட்டு, உலர்ந்ததும் சிலிக்கான் ஸ்பிரே. சமையல் எண்ணெய் போட்டால் எறும்பு வரும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே, பிரஷ் பட்டை உதிர்ந்திருக்கிறதா, மரம் ஊதித் தட்டி உரசுகிறதா என்று பார்த்துச் சரிசெய்துவிட வேண்டும். கண் மங்கிய, மூட்டு வலியுள்ள வயதான நாய்க்கு மட்டும் இந்த ஏற்பாடே வேண்டாம். அது வந்து நிற்கும்போது பெரிய கதவையே திறந்து விடுங்கள்.

இப்படிக்கு,
தச்சு வேலையும் பிராணிப் பயிற்சியும் அறிந்த வாசகர்,
திருச்சி.